இன்னா ஊத்தினீங்க?

வாஷ்பேசின் அடைத்துக்கொண்டால் நான் ஆள் கூப்பிடுவதில்லை. முதலில் அந்தச் சொல்லே எனக்கு ஆகாது. மரவேலைக்கு வந்தால் ஆசாரி, கரண்டு வேலைக்கு வந்தால் எலக்ட்ரீஷியன், அடைப்பு எடுக்க வந்தால் மட்டும் ஆள். "ஆள் வந்தாச்சா?" "ஆள் கெடைக்கல." "ஆளுக்குக் கொல்லப்பக்கமா வழி வுடு." இதே வாய்தான், வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்க இன்னா ஆளுங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்கும். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான். அது தெரிந்த நிமிஷம் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

திண்டிவனத்தில் என் வீட்டுக் குளியலறையில், பேசினுக்கு அடியில் எப்போதும் ஒரு வாளி இருக்கும். ரப்பர் கையுறை, பழைய டூத்பிரஷ், அப்புறம் ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளரின் வயிற்றில் பெயர் வெட்டியிருக்கிறது. என் பெயர் இல்லை, என் அப்பா பெயரும் இல்லை. அடைத்துக்கொண்ட தண்ணீரை அந்த டம்ளரால்தான் மொண்டு வாளியில் ஊற்றுவேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நல்ல டம்ளராச்சே, இதுக்கா வெச்சிருக்கீங்க?" என்றாள். இதற்குத்தான் அது லாயக்கு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் சொல்லும்போது வாய் கசக்கிறது.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டமானது. எனக்குக் கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலை. கடலூரிலிருந்து பீரோக்களும் ஃபைல்களும் லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். கூடவே நூற்றுக்கணக்கான மனிதர்கள். ஊரில் வாடகை வீடு குதிரைக்கொம்பு. எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவைத் தனியாக விட முடியாது.

அப்பா திண்டிவனத்தில் முப்பத்திரண்டு வருஷம் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தெருச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, கூப்பிட்டால் கல்யாண மண்டபத்துக் குழாய். வேலை முடிந்தால் நேரே குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு வேட்டி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். நான் அவரை வேலையில் பார்த்ததே இல்லை. பார்க்க விடவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும் தெருவில் அவருக்கு வேலை விழுந்தால், யாரிடமாவது கெஞ்சி வேறு தெருவுக்கு மாற்றிக்கொள்வார் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

விழுப்புரத்தில் கிடைத்த வீடு, ஒரு பெரிய வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு அறை. முன்வீட்டுக்காரர்களுக்குக் கண்டமங்கலம் பக்கம் நிலம். அறுவடைக்கு அறுவடை வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, மூட்டை மூட்டையாக வந்து கூடத்தில் அடுக்கியிருக்கும். வீட்டுக்காரர், அவர் மனைவி, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, அவ்வளவுதான். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முதல் நாளே அக்கா கேட்டுவிட்டாள்.

"நீங்க இன்னா ஆளுங்கம்மா?"

"நான் கலெக்டர் ஆபீஸ் ஆளுக்கா" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததோடு விடவில்லை.

"அப்பா இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

"முனிசிபாலிட்டில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவருக்கா."

நாக்கு குழறவில்லை. மறுநாள் பஸ்சில் போய் அப்பாவை அழைத்து வரும்போதே பாடம் நடத்திவிட்டேன். பீடி கூடாது. வெள்ளை வேட்டிதான் கட்ட வேண்டும். யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட வேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "சூப்பர்வைசர்னா கையில நோட்டு வெச்சிருப்பாங்களே, நான் இன்னா வெச்சிக்கட்டும்?" என்று கேட்டார். பேப்பர் வைத்துக்கொள்ளப்பா என்றேன். அவருக்குத் தலைப்பு எழுத்தை மட்டும் கூட்டிக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

அப்படித்தான் வாசலில் சேர் போட்டு, வெள்ளை வேட்டியில், கையில் பேப்பரோடு அப்பா உட்கார ஆரம்பித்தார். வீட்டுக்காரர் தினம் வந்து பக்கத்தில் உட்காருவார். தண்ணீர் வரி, கொசு மருந்து, கவுன்சிலர் என்று பேசித் தீர்ப்பார். வாய்க்கு வாய் சார். "நீங்களே சொல்லுங்க சார், இது நாயமா?" அப்பா ஆமாங்க ஆமாங்க என்பார். முதலில் பயந்தார். பிறகு அந்த சாருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் நிலத்துக்குப் போய்விட்ட நாட்களில், "இன்னிக்கு சார் வரலையேம்மா" என்று என்னிடம் கேட்பார். அறுபது வயதில் ஒரு மனிதருக்கு முதன்முதலாகக் கிடைத்த மரியாதை. அதுவும் நான் பொய் சொல்லி வாங்கிக் கொடுத்தது. அது எத்தனை நாள் தாங்குமோ என்று நாள் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

எட்டு மாதம் தாங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முன்வீட்டுக் குளியலறை ஜன்னல் கொல்லைப் பக்கம்தான் இருந்தது. அந்த வாஷ்பேசினை அவர்கள் புதிதாக வைத்திருந்தார்கள். அந்தத் தெருவிலேயே முதல் பேசின் என்று அக்காவுக்குப் பெருமை. மூன்று நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை.

"ஒரே பேஜாராப் பூட்ச்சிம்மா" என்று அக்கா காலையிலேயே என்னிடம் புலம்பியிருந்தாள். "ஆளுக்குச் சொல்லியனுப்பிச்சி ரெண்டு நாளாவுது. மகாராசன் வரவே இல்ல. இவுரு நானே பாத்துக்கறேன்னு கெளம்பிட்டாரு."

அப்பா கொல்லைக்கு முகம் கழுவ வந்தார். சொம்பில் தண்ணீர் மொண்டவர் அப்படியே நின்றார். மூக்கை உறிஞ்சினார். எனக்கு சோப்பு வாசனை மட்டும்தான் தெரிந்தது. அவர் சொம்பை வைத்துவிட்டு ஜன்னலருகே போனார்.

"இன்னா ஊத்தினீங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"ஆசிட்டு சார்" என்றார் வீட்டுக்காரர். "சைக்கிள்ல வந்தான், வாங்கினேன். பாதி பாட்டிலு ஊத்தியும் அசையல. இப்ப பிளீச்சிங் பவுடரக் கொட்டி ஒரு குத்து குத்தினா பிச்சிக்கினு பூடும்."

அவர் கையில் பிளீச்சிங் பொட்டலம். பக்கத்தில் முக்காலி போட்டு, எட்டிப் பார்த்துக்கொண்டு அந்தக் குழந்தை. அப்பா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. சமையலறை வழியாக, அதுவரை ஒரு நாளும் கால் வைக்காத அவர்கள் வீட்டுக்குள்ளே ஓடி, வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கொட்டாத! கைய எட்றா! எட்றான்றேன்!"

எட்றா. சார் என்று கூப்பிட்டவரைப் பார்த்து எட்றா. நான் ஈரக்கையோடு ஓடிப்போய் நின்றபோது, ஒரு சிட்டிகைத் தூள் ஏற்கெனவே பேசினில் விழுந்திருந்தது. அதற்கே நெடி மூக்கைப் பிடுங்கியது. குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"பாப்பாவத் தூக்கினு தெருப்பக்கம் போங்க. ஜல்தி. ஜன்னல், கதவு எல்லாத்தையும் தெறந்து வுடுங்க. யாரும் உள்ள வராதீங்க" என்று அப்பா எல்லாரையும் வெளியே தள்ளி, தானும் வெளியே வந்து நின்றார். வீட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்பா அவரிடம் சொன்னார். "ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேரவே கூடாதுங்க. சேந்தா காத்து வெசமாப் பூடும். ஒரு கல்யாண மண்டபத்துல இப்பிடித்தான் ஆயி, எங்கூட இருந்தவன் ஒரு மாசம் மூச்சு வுட முடியாமக் கெடந்தான்." எங்கூட இருந்தவன் என்ற இடத்தில் நான் இருமினேன். அவர் கவனிக்கவில்லை.

நெடி அடங்க வெகுநேரமானது. அதன் பிறகும் அவர் அவசரப்படவில்லை. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டார். அக்காவிடம் ஆப்பசோடா கேட்டு வாங்கினார். கைக்குத் துணிக்கடைப் பையைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டார். முகத்தை நேராகக் காட்டாமல் ஒதுங்கி நின்று, தேங்கி நின்ற தண்ணீரில் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினார். பொங்கியது. அடங்கும்வரை காத்திருந்து மறுபடி தூவினார். பொங்குவது நின்ற பிறகுதான் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினார். பேசினுக்கு அடியில் குப்பி மாதிரி ஒன்று தொங்குமே, அதன் கீழே வாளியை வைத்து, குப்பியைக் கையாலேயே திருகிக் கழற்றினார். கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. ஷேவிங் சோப்பு, முடி, அதோடு ஊறிப்போன மல்லாட்டைத் தோல். வீட்டுக்காரர் வறுத்த மல்லாட்டையை நாள் முழுக்க மென்று, உள்ளங்கைத் தோலை பேசினில்தான் தட்டுவார்.

குப்பியை டூத்பிரஷால் தேய்த்து, வாஷரைத் துடைத்துப் பொருத்தி, அளவாகத் திருகி, குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சுழன்று இறங்கியது. அடியில் விரலால் தடவிப் பார்த்தார். சொட்டு இல்லை. அவர் முகத்தில் அப்போது ஒரு தெளிவு. எட்டு மாதமாகப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் வேறு, இவர் வேறு. என் அப்பா வேலை செய்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். எவ்வளவு அழகாகச் செய்தார் என்பதை இப்போதுதான் என்னால் சொல்ல முடிகிறது. அன்று அக்கா எங்கே நிற்கிறாள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வாசற்படியில் நின்றபடி கேட்டாள். "ஐயா, இதெல்லாம் இம்மாம் சுத்தமா எப்பிடி உங்களுக்குத் தெரியும்?"

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அப்பாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். தலையை ஆட்டினேன். வேலைக்காரர்களை மேய்த்துப் பழக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்.

"முப்பத்திரெண்டு வருசம் இதாங்க என் வேல."

மறந்துபோய்ச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா, கடைசிவரை நான் கேட்கவில்லை. அக்கா முகத்தில் சிரிப்பு எங்கே போனதோ, போய்விட்டது. வீட்டுக்காரர் மட்டும் பெரிய மனசு பண்ணியவர் மாதிரிப் பேசினார்.

"ஏம்பா, அவசரத்துல டா போட்டுட்ட. பரவால்ல வுடு. வந்தது வந்துட்ட, பின்னால கக்கூஸ் தொட்டியையும் ஒரு கை பாத்துடேன்."

சார் போய் ஏம்பா வந்துவிட்டது. நீங்க போய் நீ. ஒரே ஞாயிற்றுக்கிழமை, அதே வாய், அதே மனிதர். அப்பா, "இன்னொரு நாளைக்குப் பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

காபி வந்தது. வழக்கமாக வாசல் சேருக்கு வரும் காபி, அன்று கொல்லைப் படியில் வைக்கப்பட்டது. பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். அப்பா நின்றுகொண்டே குடித்தார். நான் டம்ளரைத் துலக்கிக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா கையை நீட்டவில்லை. முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா. அது உங்க ஊட்லயே இருக்கட்டும்."

நல்ல பாத்திரத்தை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். அதுவும் வீட்டுக்காரர் பெயர் வெட்டியதை. தொட்ட பாத்திரத்தை வாங்க மனசில்லாமல் தானம் செய்துவிட்டாள் புண்ணியவதி.

அன்று எனக்கு வந்த கோபம் அவர்கள்மேல் இல்லை. அதைச் சொல்லத்தான் கூசுகிறது. முழுக் கோபமும் அப்பாமேல்தான். உள்ளே வந்ததும் கத்தினேன்.

"வாய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியாதா உன்னால? எவன் எத ஊத்தினா உனக்கு இன்னா?"

அப்பா கையில் ஒட்டிய சோப்பு நாற்றத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கொழந்த நின்னுக்கினு இருந்துச்சிம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் அக்கா வந்து, நாத்தனார் குடும்பம் ஊரிலிருந்து வருகிறது, வீடு வேண்டும் என்றாள். முகத்தைப் பார்க்காமல் துணிக்கொடியைப் பார்த்துச் சொன்னாள். நாங்கள் காலி செய்த மறுவாரம் பஸ்சில் போகும்போது எட்டிப் பார்த்தேன். வாசலில் டூலெட் அட்டை தொங்கியது. நாத்தனாராவது, குடும்பமாவது.

திண்டிவனத்துக்கே திரும்பிவிட்டோம். நான் தினம் பஸ்சில் விழுப்புரம் போய்வந்தேன். பழைய தெருவில் அப்பாவைத் தெரியாதவர்கள் இல்லை. பேப்பர் வாங்குவதை நிறுத்தினேன். வெள்ளை வேட்டியைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை. பீடியை மட்டும் மறுபடி பிடித்துக்கொண்டார். எப்போதாவது சாப்பிடும்போது, "அந்த சார் நல்லாக்கீறாரா, பாத்தியா?" என்று கேட்பார். அவன் உன்னை ஏம்பா என்கிறான், நீ இன்னும் சார் என்கிறாயே என்று வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் ஆபீசில் எனக்குப் போன் என்றார்கள். எடுத்தால் வீட்டுக்காரர். நலம் விசாரிக்கவில்லை.

"ஏம்மா, அந்த பேசினு மறுபடியும் அடச்சிக்கினு கெடக்குது. ஆளே கெடைக்கல. எதையெதையோ ஊத்திப் பாத்துட்டோம். உங்கப்பனை ஒரு நட அனுப்பி வையேன். பஸ் செலவு குடுத்துடறேன்."

உங்கப்பனை. செக்ஷனில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. சொன்னேனா, சொல்லாமலே வைத்தேனா. ரிசீவரை வைத்த வேகத்தில் டைப்பிஸ்ட் திரும்பிப் பார்த்தார். அது மட்டும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கப்பன் என்றதை அழுத்திச் சொன்னேன். அவரும் கோபப்பட வேண்டும், ஒரு தடவையாவது அவர்களை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. அப்பா பீடியை அணைத்தார்.

"இன்னா ஊத்தினாங்கன்னு கேட்டியா?"

"கேக்கல" என்றேன்.

"கேக்கலியா? எதையெதையோ ஊத்திட்டோம்னு சொன்னாங்கன்னு சொல்றியே. மறுபடி எதனா கலந்துடப் போறாங்க. பாப்பா அதுலதாம்மா பல்லு வெளக்கும்." எழுந்து நின்றுவிட்டார். "முக்குல பூத்து இருக்குது இல்ல, போய் ஒரு போன் போடு. யாரும் எதையும் தொடாதீங்க, ஜன்னலத் தெறந்து போட்டுட்டு வெளிய வந்து ரூம் கதவச் சாத்திடுங்க, காலைல நான் மொத பஸ்சுக்கு வர்றேன்னு சொல்லு."

நான் பூத்துக்குப் போனேன். நம்பர் எனக்குத் தெரியும். வாடகைக்கு இருந்தபோது அவசரத்துக்கென்று குறித்து வைத்திருந்தது. உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்து வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றார். நான் உள்ளே போகவில்லை. உங்கப்பன் என்ற அந்தக் குரலைத் திரும்பக் காதில் வாங்க முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் அப்பா மறுபடி அந்தக் கொல்லைப்படியில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பெட்டி திறந்திருந்தது. வெள்ளை வேட்டியை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"பேசிட்டேன்பா" என்றேன். "வேற ஆள் கெடச்சிட்டாராம். வந்து எடுத்துட்டாராம். நீ போவ வேணாம்."

அப்பா வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அன்று அக்காவுக்குப் பின்னால் நான் நின்றபோது பார்த்த அதே பார்வை.

"வந்தவன் கேட்டானாமா? இன்னா ஊத்தினீங்கன்னு?"

"கேட்டாராம்பா."

"அப்ப சரி" என்று வேட்டியைப் பழையபடி மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. முக்காலியில் நின்ற அந்தப் பாப்பாவுக்கு இப்போது இருபத்தைந்து வயதாவது இருக்கும். பதினைந்து வருஷத்துக்கு மேல் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன்; பஸ் அந்தத் தெருமுனை வழியாகத்தான் போகும். ஒரு நாள் இறங்கி, பாப்பா நல்லா இருக்காளா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றுவரை கேட்கவில்லை.